பழைய கடைவரிசையும் ஒரு பற்றுப் புத்தகமும்

தஞ்சோங் டாவாய்க்குப் போய் வந்தவர்கள் அந்த ஊரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். செமிலிங்கைத் தாண்டி, மெர்போக்கைத் தாண்டி, சாலை கடலை நோக்கி இறங்கும்போதே காற்றில் நெத்திலிக் கருவாட்டு வாசம் வந்துவிடும். அதன் பின்னாலேயே பெலாச்சான் வாசம். அதற்குப் பிறகுதான் ஊர் கண்ணில் படும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் படகுத்துறை. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகில் சில நிமிடப் பயணம்தான்.

எனக்கு அந்த ஊர் அறிமுகமானது அப்பாவின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்துதான். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் எங்கள் லயத்தில் பாதிப் பேர் பட்டணத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். சிலர் சுங்கைப் பட்டாணிக்குப் போய்ப் படம் பார்ப்பார்கள். அப்பா மட்டும் தஞ்சோங் டாவாய்க்குத்தான் போவார். "கருவாடு அங்கே மலிவு" என்பார். உண்மைக் காரணம் அதுவல்ல என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அஞ்சடியில் ஒரு நாற்காலி

அங்கே ஒரு பழைய கடைவரிசை. கீழே செங்கல், மேலே பலகை. முன்புறம் முழுக்க மடிப்புக் கதவு. காலையில் பலகை பலகையாகக் கழற்றி வைத்துக் கடை திறப்பார்கள். வரிசையில் ஒரு மளிகைக் கடை. அதன் தவுக்கே ஒரு வயதான சீனர். அப்பாவைக் கண்டதும் அஞ்சடியில் நாற்காலி ஒன்றைத் தூக்கிப் போட்டு, "உட்காருங்க அண்ணே" என்று தமிழிலேயே சொல்வார். எனக்கு ஒரு பிஸ்கட் கிடைக்கும்.

தோட்டத்தில் அப்பாவுக்கு யார் நாற்காலி போட்டார்கள்? பெரட்டுக் களத்தில் நின்றார். கிராணியின் மேசைக்கு முன்னால் நின்றார். துரை வந்தால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாதத்தில் ஒரு நாள், அந்த அஞ்சடியில்தான் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார். கருவாட்டின் விலை அல்ல, அந்த நாற்காலிதான் அவரை அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க வைத்தது.

பால்மரம் இலை உதிர்க்கும் காலம் நம் குடும்பங்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பால் குறையும், சம்பளமும் குறையும். மழைக்காலத்தில் மரம் நனைந்துவிட்டால் வெட்டே இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு உலை எரிந்தது தவுக்கேயின் பற்றுப் புத்தகத்தால்தான். நீளமான, தடித்த அட்டை போட்ட புத்தகம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பக்கம். பெயர் சீன எழுத்தில்; தொகை எண்ணில்; கீழே குடும்பத் தலைவரின் கைநாட்டு. என் தாத்தாவின் கைநாட்டு முதல் அதில் இருக்கிறது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கடன் பட்டதில் என்ன பெருமை என்று நான் அப்போது நினைத்தேன். நம்பிக் கொடுத்தார்களே, அந்தப் பெருமை!

சிவப்புக் கார்டு

இனிச் சொல்லப் போவது எங்கள் குடும்பக் கதை. ஆனால் வாசகர்களில் பலருக்கு இது புதுக்கதையாக இருக்காது.

என் அத்தை, அப்பாவின் அக்காள், சிறு குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர். கடைசிவரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டுதான். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி யார் யாரோ வந்து சொன்னார்களாம். வெட்டு நாளில் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று அத்தை போகவில்லை. பிறகு எங்களைப் போன்ற பிள்ளைகள் படித்து, மனு எழுதத் தெரிந்த காலம் வந்தது. எந்த ஆண்டிலிருந்து எந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு ஏதாவது பழைய தாள் உண்டா என்று கேட்டார்கள்.

தோட்டம் அதற்குள் கைமாறியிருந்தது. பழைய பேரேடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே போயின என்று சொல்வார் இல்லை. லயங்களை இடித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குத் தவுக்கேயின் புத்தகம் ஞாபகம் வந்தது. தாத்தாவின் பக்கத்தில் அத்தை பெயரில் துணி வாங்கிய கணக்கு, அத்தை கல்யாணத்துக்கு அரிசி வாங்கிய கணக்கு, எல்லாம் தேதியோடு இருக்குமே!

ஓடினேன். அது 1996. தவுக்கே காலமாகி ஓர் ஆண்டாகியிருந்தது. மகன் கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். மேல்மாடிப் பலகைகளைப் பெயர்த்துக் கீழே குவித்திருந்தார்கள். "அப்பாவோட பழைய புத்தகங்களா? ரெண்டு மூட்டை இருந்ததே, கரையான் பிடிச்சதுன்னு பலகையோட போட்டுக் கொளுத்திட்டோமே! நீங்க போன மாசம் வந்திருக்கலாமே, அண்ணே" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது ஆண்டுகளாக நானுந்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகம் இருந்திருந்தால் அத்தைக்கு நீலக் கார்டு கிடைத்தே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையில் காட்டுவதற்கு ஒரு தாளாவது இருந்திருக்கும். அத்தை 1999-இல் சிவப்புக் கார்டோடுதான் போய்ச் சேர்ந்தார். "விடுடா தம்பி, நான் இங்கே இருந்தது எனக்குத் தெரியும்" என்று கடைசியாகச் சொன்னார். அவருக்குத் தெரியும், சரி. வேறு யாருக்குத் தெரியும்?

அன்று முதல்தான் பழைய கட்டடம் ஒன்று இடிபடுவதைக் கண்டால் என் வயிறு கலங்குகிறது. இடிவது சுவர் மட்டும் அல்ல. யாரோ ஒருவரின் சாட்சியும் சேர்ந்து இடிகிறது.

கடாரத்தில் நடந்தது

நாம் வாழும் இந்த வட்டாரம் சாமானிய வட்டாரம் அல்ல. தஞ்சோங் டாவாயிலிருந்து மெர்போக் ஆற்றின் ஓரமாக உள்ளே போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் நாடு இந்தக் கெடாப் பகுதிதான் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் முடிவு. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டையொட்டி இங்கே வந்து வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. "கடாரம் கொண்டான்" என்ற பட்டம் அவனுக்கு அதனால் வந்தது.

1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளரும் அவர் மனைவியும் இங்கே வந்து, காட்டுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் கிடந்த பழைய கோயில் அடித்தளங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எண் கொடுத்தார்கள். அவற்றுள் புக்கிட் பத்து பகாட் சண்டியை 1958 முதல் 1960 வரை கல் கல்லாக எடுத்துக் கட்டினார்கள். மெர்போக்கில் அதன் அடிவாரத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. 2009-இல் தொடங்கி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் தோண்டியபோது, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் படகுத்துறைகளின் எச்சங்களும் வெளிவந்தன. டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் இவற்றைப் பற்றி நூல் எழுதி நம் மக்களுக்கு அறியத் தந்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் என்ன நடந்தது? 2013-ஆம் ஆண்டின் கடைசியில் செய்தித்தாளைத் திறந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில், பதினொன்றாம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது தரைமட்டமாகிவிட்டது! நிலம் தனியாருடையது, சண்டி அரசாங்கப் பதிவேட்டில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படவில்லை, அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்ற பதில் வந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆனால் மண்வாரி இயந்திரம் ஒரு பொழுதில் செய்த வேலையை எந்தக் கண்டனமும் திருப்பிச் செய்ய முடியுமா?

இதை நான் ஒருவர்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயிலுக்கே அந்தக் கதி என்றால், எண்பது ஆண்டுக் கடைவரிசைக்கும் நம் தோட்டத்து முச்சந்திக் கோயிலுக்கும் எழுதப்பட்ட தாள் இல்லாமல் என்ன பாதுகாப்பு என்பதைத்தான் கேட்கிறேன்.

அது யாருடைய பட்டணம்?

"கடை சீனருடையது, கம்பம் மலாய்க்காரருடையது, நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் கேட்பது உண்டு. இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சுங்கைப் பட்டாணியின் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். 1936-இல் கட்டியது. ரப்பர்த் தோட்ட முதலாளி லிம் லியான் தெங், ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா நினைவாகக் கொடுத்தது. கல்வெட்டில் இருப்பது முதலாளியின் கொடை. ஆனால் அந்த ரப்பர்ப் பணம் யாருடைய கத்தியிலிருந்து வடிந்தது? அதிகாலை இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவர்களின் உழைப்பும் அந்த மணிக்கூண்டில் இருக்கிறது. நம் சம்பளம் செலவான ஒவ்வொரு கடைத்தெருவும் நம் வியர்வையில் எழுந்ததுதான்.

பீடோங்கின் தெருக்களையும் எண்ணிப் பாருங்கள். 1946, 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து நம் பாட்டன்மார் ஊர்வலம் போனார்கள். போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அந்தத் தெருவில் காய்கறி வாங்கப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வீடு மூச்சு விட வேண்டும்

பழைய கடைவீடு என்றால் ஒழுகும் கூரை, கரையான் பிடித்த ஏணி என்பதுதான் பலருடைய எண்ணம். அதைக் கட்டியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கடைக்கு முன்னால் நடைபாதை விட வேண்டும் என்று ராபிள்ஸ் 1822-இல் சிங்கப்பூருக்கு இட்ட கட்டளையே இந்த அஞ்சடிக்கு மூலம். அங்கிருந்து அது மலாயாப் பட்டணங்களுக்கெல்லாம் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க, வாங்குவோரும் விற்போரும் உட்கார்ந்து பேச, அதைவிட நல்ல இடம் இல்லை. நடுவில் திறந்த முற்றம் விட்டதால் நீண்டு குறுகிய வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வந்தன.

சுவரைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பினார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். இந்தச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு உப்பி உதிர்ந்து, செங்கல்லும் பொடியாகிறது. "பழைய சுவர், அதான் கெட்டுப்போச்சு" என்கிறோம். உண்மையில் பல இடங்களில் அதைக் கெடுத்தது புதிய சிமெண்டுதான். கூரையில் ஓடு நகர்ந்தால் உடனே திருப்பி வைப்பது, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுவது, தண்ணீர்த் தாரையை அடைக்காமல் வைப்பது ஆகிய மூன்றும் நடந்தால் பழைய கட்டடம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

பினாங்கு சொல்லும் பாடம்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் இன்று உலகமே வந்து பார்க்கும் பட்டணம். 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ அதை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கசப்பான அத்தியாயம் உண்டு. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. வாடகை குறைவு, ஆகவே ஏழைகளும் சிறு வியாபாரிகளும் பட்டணத்தின் நடுவிலேயே வாழ்ந்தார்கள். வாடகை குறைவு, ஆகவே சொந்தக்காரர்கள் பலர் பழுது பார்க்கவில்லை. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முழுவதும் போயிற்று. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின.

பிறகு உலக மரபுப் பெயர் வந்தது. திங்க் சிட்டி போன்ற அமைப்புகள் பழுது பார்க்க உதவித் தொகை கொடுத்தன. பல கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் பூக்கட்டுபவரும் தட்டாரும் இருந்த கடைகளில் சில, தங்கும் விடுதிகளாகவும் விலை உயர்ந்த காப்பிக் கடைகளாகவும் மாறின. சுவர் பிழைத்து, சுவருக்குள் இருந்தவர்கள் போய்விட்டால் அது முழு வெற்றி ஆகாது. கட்டடத்தைக் காப்பதும் அதில் பிழைக்கிறவரைக் காப்பதும் ஒரே வேலையாக நடக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணமும் உண்டு. முடா ஆற்று முகத்துவாரத்தில், பினாங்கு எல்லைக்குள், "பாசார் பிசிக்" என்ற மீன் சந்தை இருக்கிறது. ஏலம் கூவுவதில்லை. வாங்குபவர் தம் விலையை விற்பவர் காதில் மெல்லச் சொல்வார்; நல்ல விலை சொன்னவருக்கு மீன். அதைக் காப்பது கட்டடம் அல்ல, மீனவர்களின் பழக்கம். இன்னொன்று: 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி கோத்தா கோல மூடாவைத் தாக்கியது. அங்கே உடைந்த மீன்பிடிப் படகுகளைக் கொண்டே நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அது உடைந்த பலகைதான். ஆனால் தூக்கி எறியாமல் வைத்ததால் இன்று பாடம் சொல்கிறது.

நம்மால் ஆவது என்ன?

எல்லாக் கட்டடத்தையும் காக்க முடியாது. நான் பிறந்த லயத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒழுகும் அந்த வீட்டில் மறுபடி என் பேத்தி குடியிருக்க வேண்டும் என்று எந்தத் தாத்தா கேட்பான்? ஆனால் எது போகிறது என்று தெரிந்து போக வேண்டும். எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

முதலாவது, படம். இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. பிறந்த நாளுக்குப் படம் எடுக்கிறோம். உங்கள் பட்டணத்துப் பழைய கடைவரிசையை, தோட்டத்துக் கோயிலை, பள்ளியை, பாழடைந்த ஆபீசை ஒரு நாள் நின்று எடுங்கள். எடுத்த நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, பெரியவர்கள். எண்பதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால், எந்தக் கடை யாருடையது, எந்த ஆண்டு எந்த லயத்தில் இருந்தோம் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள்.

மூன்றாவது, தாள்கள். பழைய சம்பளச் சீட்டு, பற்றுச் சீட்டு, சங்கச் சந்தாச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எதையும் பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் ஒரு முறை பாருங்கள். பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

நான்காவது, சட்டம். தேசிய மரபுச் சட்டம் 2005-இல் நிறைவேறி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றைத் தேசிய மரபுச் சொத்தாக அறிவிக்கும்படி எவர் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம் என்று அதில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் அதிகாரம் ஆகையால் மாநில அரசின் சம்மதமும் வேண்டும். ஆகவே மனுவின் பிரதியை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் கொடுங்கள். கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இவற்றின் பெயரில் போனால் இன்னும் நல்லது. உடனே பலன் வராமல் போகலாம். ஆனால் "தெரியாது" என்ற பதிலை நாளை எவரும் சொல்ல முடியாது.

மீண்டும் அந்த அஞ்சடியில்

சென்ற பள்ளி விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு தஞ்சோங் டாவாய் போனேன். பழைய வரிசையில் சில கடைகள்தான் மிச்சம். தவுக்கேயின் மகனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. கீழே கருவாட்டு வியாபாரம். மேலே பலகைக்குப் பதில் சிமெண்டுச் சுவர். ஆனால் அஞ்சடி அப்படியே இருக்கிறது. தரையின் சிவப்பு ஓடும் அதேதான்.

என்னைக் கண்டதும் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அண்ணே" என்றார்.

உட்கார்ந்தேன். பேத்தி கைப்பேசியில் படம் எடுத்தாள். "தாத்தா, உங்க அப்பா உட்கார்ந்த இடமும் இதுதானா?" என்று கேட்டாள். இதுதான் என்றேன். தவுக்கேயின் மகனும் தலையாட்டினார். அவருக்கும் அப்பாவை ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் படத்தை அச்சடித்து, பின்னால் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், அத்தையின் பெயர், தவுக்கேயின் பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் பேத்தி கையாலேயே எழுத வைத்தேன்.

எரிந்து போன பற்றுப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. இப்போது புதிதாக ஒரு பக்கம் எழுதியாயிற்று. உங்கள் வீட்டுப் பக்கத்தை எழுதுவதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள்.